துரை படத்து மழை

கோவில்பட்டியில் இன்று என் பெயரில் மூன்று தீப்பெட்டி ஆபீஸ் ஓடுகிறது; தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அப்பா விட்டுப்போனது ஒரே ஒரு ஓலைக் கொட்டகை. மற்றதெல்லாம் நான் உண்டாக்கினது. ஐந்தாம் வகுப்புப் பாதியில் பையைத் தூக்கி வீசிவிட்டு வந்தவன் நான். பட்டம் வாங்கின பிள்ளைகள் என் ஆபீஸில் கணக்கு எழுதுகிறார்கள். நடுவில் ஒரு சினிமா தியேட்டர்கூட வாங்கி நடத்திப் பார்த்துவிட்டேன். ஆகவே, நான் பார்க்காத படம் கிடையாது என்று சொன்னால் நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும். ஆனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் எனக்குள் ஓடுவது ஒரு படம்தான். அதில் யாரும் பேசமாட்டார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மரக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் மேல் மழை பெய்துகொண்டே இருக்கும்.

அந்தப் படத்தைக் கரிசல் காட்டுக்குள் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ஆடு மேய்க்கிற குடும்பம் அது. மாமாவுக்கு ஆடு ஒத்துவரவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் வில்வண்டி ஓட்டப் போய்விட்டார். அங்கே இருந்த வெள்ளைக்கார அம்மா வயதாகித் தன் ஊருக்குத் திரும்பும்போது, மாமாவைக் கூப்பிட்டு ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தாராம். உள்ளே கையால் சுற்றுகிற படமெஷின் ஒன்று, கார்பைடு விளக்கு ஒன்று, தகர டப்பாக்களில் சுருள் சுருளாக ஒரு படம். அந்த அம்மா வேதப்புத்தகத்தைப் படித்துத் தமிழ் பழகினவர். "இது என் சகோதரன் உண்டாக்கிய படம். அவன் ஒரு காலத்தில் மேன்மையாய் இருந்தான். இதைப் பாழாய்ப் போக விடாதே" என்று சொன்னாராம். மாமா அந்தக் குரலை அப்படியே செய்து காட்டுவார். நாங்கள் சிரிப்போம். அவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

அதற்குப் பிறகு மாமா வண்டி ஓட்டவில்லை. பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பொழுது சாய்ந்ததும் மந்தையில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டுவார். ஊமைப்படமாச்சே, கதையை இவர்தான் சொல்லவேண்டும். ஆனால் கதைக்கு முன்னால் படத்தை எடுத்த துரையின் கதையைச் சொல்லாமல் அவர் மெஷினைத் தொடமாட்டார். சீட்டி அடித்தாலும் சரி, மண்ணை வாரி எறிந்தாலும் சரி, சொல்லி முடித்துவிட்டுத்தான் தொடுவார்.

"ஐயாமாரே, பீடிய அணைங்க, இது தீப்பிடிக்கிற சாமான். இந்தப் படத்த எடுத்த துரை யாருன்னு நெனைக்கீங்க? நம்மளப்போல ஆட்டுக்கார வீட்டுப் பிள்ளைதான்."

இது மாமாவின் சொந்தச் சரக்கு. அந்த அம்மா சொன்னது, துரை நாடகக் கொட்டகையில் திரைச்சீலைக்குப் படம் எழுதிக்கொண்டிருந்தார் என்றுதான்.

"திரை எழுதுன கையி கதை எழுதுச்சு. எழுதுனவரும் அவியதான், எடுத்தவரும் அவியதான், ஆள் வரலன்னா மீசைய ஒட்டிக்கிட்டு நடிச்சவரும் அவியதான். அவிய ஊர்ல வெயிலுக்குப் பஞ்சம். வெயில் இருந்தாத்தான் படம் எடுக்க முடியும். அதுக்காகக் கண்ணாடியில கொட்டகை போட்டுக்கிட்டு, மேகம் எப்ப விலகும்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே கெடப்பாவ."

கூட்டத்தில் எவனாவது ஒருத்தன், "ஏ, நாம மேகம் எப்ப வரும்னு பாக்கோம், அந்தாளு எப்பப் போவும்னு பாத்திருக்கான்!" என்பான். மாமா அதற்குத்தான் காத்திருந்த மாதிரிக் கொஞ்சம் நிறுத்துவார்.

"மொதல்ல ஒரு பீடி குடிச்சு முடிக்கிற நேரத்துக்குப் படம். அப்புறம் நீளப்படம். ஊர் ஊரா அவிய பேரக் கொட்டை எழுத்துல ஒட்டுனாங்க. அதுக்குள்ள உலகச் சண்டை வந்து கண்ணாடிக் கொட்டகை ஒடஞ்சுது. மறுபடி கட்டுனாவ. அப்புறம் பேசுற படம் வந்துது. பேசாத படம் எடுத்தவரை யாரு தேடுவா? எடுத்த படத்தையெல்லாம் கொண்டுபோய் உருக்கி, அதுல உள்ள வெள்ளிய எடுத்துக்கிட்டானுவ. கடைசியில அவிய கடற்கரையில ஒரு சினிமாக் கொட்டகை வாசல்ல டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருந்து செத்துப்போனாவ. மிச்சம் இருக்கது இந்த ஒண்ணுதான். பாருங்க."

பிறகு கைப்பிடியைச் சுற்றுவார். கடகடவென்று சத்தம் வரும், வேட்டி வெளுக்கும். எனக்கு அந்த நேரத்தில் உடம்பு லேசாகிவிடும். தூங்குகிறேனா முழித்திருக்கிறேனா என்று தெரியாது.

படம் என்று பார்த்தால் பெரிய கதை ஒன்றும் இல்லை. ரோட்டோரம் ஒரு வீடு, அதற்கு ஒரு மரக்கதவு, கதவருகே ஒரு பெண். ஒருத்தன் தோளில் பையோடு போவான். அவள் நிற்பாள். மாடு போகும், வீட்டுக்குள் கிழவர் உட்கார்ந்திருப்பார், கடல் வந்து வந்து திரும்பும். அவள் நிற்பாள். கடைசியில் தாடி வைத்த ஒருத்தன் வருவான். அவளுக்கு ஆள் தெரியாது. அவன் சிரிப்பான். சிரித்ததும் தெரிந்துவிடும். கதவு திறக்கும். அவ்வளவுதான்.

முதல் வருஷம் அந்தப் படத்தில் எப்போதாவது நாலு கோடு இழுத்த மாதிரித் தூறல் விழும். "சாரல் அடிக்கி பாருங்க" என்பார் மாமா. மறு வருஷம் நல்ல மழையாகிவிட்டது. மாமாவும் கதையை மாற்றிவிட்டார். பையோடு போகிறவன் மழையைத் தேடிப் போகிறான், தாடியோடு மழையைக் கூட்டிக்கொண்டு வருகிறான். ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கரிசல்காட்டு ஆளுக்கு அப்படி ஓர் அடைமழையை உட்கார்ந்த இடத்தில், நனையாமல் பார்ப்பது என்றால் சும்மாவா? வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற கிழவர் மேலும் மழை பெய்யும். "கூரை ஓட்ட போல" என்பான் ஒருத்தன். "வெள்ளைக்காரன்னா எல்லாரும் பணக்காரனாலே?" என்பார் மாமா.

ஒரு தடவை எங்கள் அம்மா ஊரில் படம் காட்டின மறுநாள் நிஜமாகவே மழை பெய்துவிட்டது. விதைத்துவிட்டுக் காய்ந்துகொண்டிருந்த பருத்தி, சோளம் எல்லாம் பிழைத்தது. அதிலிருந்து துரை படம் போட்டால் மழை வரும் என்று ஆகிவிட்டது. விதைப்புக்கு முன்னால் மாமாவைக் கூட்டிப்போக வண்டி வரும். வேட்டிக்குச் சந்தனம் தெளிப்பார்கள். மழையில்லாவிட்டால் வைக்கோலில் ஆள் செய்து, கொடும்பாவி என்று தெருவில் இழுத்து, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அதைக்கூட நிறுத்திவிட்டு, "துரை படம் போட்டாப் போதும்" என்று உட்கார்ந்துவிட்டார்கள். பெய்யாத ஊரிலும் மாமாவை யாரும் குறை சொன்னதில்லை. "நாம நல்லா பாக்கல" என்று சொல்லிக்கொள்வார்கள்.

இதெல்லாம் மாமாவுக்கு நல்லதுதானே என்று நினைப்பீர்கள். இல்லை. மாமா விரும்பினது என் அத்தையை, அதாவது அப்பாவின் தங்கையை. அக்காளைக் கொடுத்த வீட்டில் பெண் எடுப்பது எங்களில் சாதாரணம். கடம்பூர்ப் போளிப் பொட்டலத்தோடு மாமா எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினால் எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்கே தெரியும். அப்பாவுக்குத் தெரியாதா? அப்பாவுக்கு மழைதான் பகை. வெயில் இருந்தால்தான் குச்சி காயும், ஒட்டின பெட்டி காயும், முக்கின மருந்து இறுகும். மேகம் கறுத்தால் கரிசல்காட்டு ஆள் வெளியே ஓடிவருவான். தீப்பெட்டி ஆபீஸ்காரன் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடுவான்.

அந்தச் சித்திரையில் மாமா பக்கத்து ஊரில் படம் போட்டார். மறுநாள் மத்தியானம் பெய்தது பாருங்கள் ஒரு கோடைமழை, எங்கள் களத்தில் காயப்போட்ட குச்சி அத்தனையும் மிதந்து தெருவுக்குப் போனது. சாமி கும்பிடாத மனுஷன் அப்பா. அந்த மனுஷன் அன்றைக்கு ஈரச் சாக்கோடு நின்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார்: "ஒந்தம்பி படத்தப் போட்டு எம் பொழப்ப முக்கிட்டாம்ட்டி! அவனுக்கு எந் தங்கச்சி வேணுமோ?"

கழுகுமலையில் சொந்த ஆபீஸ் வைத்திருந்த வீட்டுப் பையன் ஒருத்தனுக்கு அத்தையைப் பேசி முடித்துவிடுவதென்று அந்த வாரமே ஏற்பாடு நடந்தது. வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பார்த்தார்கள். அத்தை பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு என்ன நடந்ததோ, ஒரு சாயங்காலம் அப்பா மாமாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். பக்கத்து ஆபீஸ்காரர்கள் எல்லாரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"மாப்ள, ஒனக்கு எந் தங்கச்சிதானே வேணும்? தாரேன். அந்தப் படத்த எங் கண்ணு முன்னால கொளுத்து. கொளுத்துன வாரமே தாலி. இது நாலு பேரு முன்னால நான் குடுக்க வாக்கு."

சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். மாமா கொளுத்தமாட்டார் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

மாமா தலையைக் குனிந்துகொண்டு நெடுநேரம் நின்றார். "அத்தான், அது எனக்கு உசுரு" என்றார்.

"அதான் தெரியுமே. அப்ப சைக்கிள எடு."

"கொளுத்துதேன்" என்றார் மாமா.

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

ஆபீஸ் பக்கம் தீயே ஆகாது என்பதால் ஊருக்கு வெளியே தரிசில் வைத்துக் கொளுத்துவதென்று முடிவானது. விஷயம் எப்படிப் பரவியதோ, வெயில் தாழ்கிற நேரத்தில் அங்கே திருவிழாக் கூட்டம். அம்மா ஊர்க்காரர்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மாமா தகர டப்பாக்களை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். படத்தை உருவி உருவி ஒரு கருவேலம் செத்தைமேல் போட்டார். பாம்புக்குட்டிகள் மாதிரி அது தானாக நெளிந்துகொண்டு கிடந்தது. மேற்கு வெளிச்சம் அதில் பட்டுத் தேன் நிறமாக மினுங்கியது. உள்ளே அந்தப் பெண் நின்றுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்ததுதான், ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தேன். பத்தடி போவதற்குள் அப்பா காதைப் பிடித்துவிட்டார். அன்றைக்கு மட்டும் தப்பியிருந்தால்... சரி, விடுங்கள். அதற்குப் பிறகு எந்தக் காரியத்திலும் என்னை ஒருத்தன் பிடித்ததில்லை.

அம்மா ஊரில் பெரிய சம்சாரி, அதாவது நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர், ஒருத்தர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பாவிடம் வந்தார்.

"அண்ணாச்சி, மழை பேஞ்சா ஒமக்கு ஒரு நாளு நட்டம். பெய்யலன்னா எங்களுக்கு ஒரு வருசம் நட்டம். யோசிச்சுப் பாரும்."

அப்பாவுக்கு அது பாயசம் குடித்த மாதிரி இருந்திருக்கும். வாக்கிலிருந்து நழுவ வழி கிடைத்துவிட்டதே. முகத்தை வெகு சாந்தமாக வைத்துக்கொண்டார்.

"ஊரே வந்து கேக்குது. நான் என்ன கல்லா? எரிக்க வேண்டாம், எடுத்துட்டுப் போங்க. எரிக்கலங்கும்போது அந்தக் கல்யாணப் பேச்சும் இல்ல. என்ன மாப்ள?"

மாமா செத்தையைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தார்.

அந்த நேரம் பெண்கள் கூட்டத்திலிருந்து அத்தை வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராகச் செத்தைக்குப் பக்கத்தில் போய் நின்று, எங்கள் ஆபீஸ் தீப்பெட்டி ஒன்றை இடுப்பிலிருந்து எடுத்தாள். அந்த லேபிள் அவள் கையால் ஒட்டினதாகத்தான் இருக்கும்.

"ஏட்டி, என்ன பண்ணுத?" என்று அப்பா கத்தினார்.

"நாலு பேரு முன்னால குடுத்த வாக்குண்ணே" என்றாள். குச்சியை உரசிப் போட்டுவிட்டாள்.

நான் தீயோடு பிறந்து தீயோடு வளர்ந்தவன். அப்படி ஒரு தீயை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். வெள்ளையாக, மஞ்சளாக ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. மருந்துபோலவும் இல்லாமல் சூடம்போலவும் இல்லாமல் ஒரு வாடை. கூட்டம் பின்வாங்கியது. பிறகு அம்மா ஊர்ப் பெண்களில் ஒருத்தி தலையை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். கொடும்பாவிக்கு எடுக்கிற அதே ராகம். மற்றவர்களும் வட்டமாகச் சேர்ந்துகொண்டார்கள்.

"கண்ணாடிக் கொட்டகையில் காத்திருந்த எந்துரையே..."

எங்கோ கடற்கரையில் டிக்கெட் கிழித்துச் செத்துப்போன மனுஷனுக்குக் கோவில்பட்டித் தரிசில் பெண்கள் மாரடித்தார்கள். சிலர் பாதி அழுகையிலேயே சிரித்துக்கொண்டார்கள். மாமா மட்டும் தீயைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். அவர் அழுவதைப் பார்த்து நானும் அழுதேன். அத்தையைப் பார்த்து, "மழையக் கொன்னுட்ட! நீ நல்லா இருக்கமாட்ட!" என்று கத்தினேன்.

"போலே, கிறுக்கா" என்றாள் அத்தை. தீப்பெட்டியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்பா வாக்குத் தவறவில்லை. நாலு பேர் பார்த்துவிட்டார்களே. கல்யாணச் சாப்பாட்டில் நான் அத்தை பக்கம் திரும்பவே இல்லை. ஐப்பசியில் மழை வழக்கம்போல் வந்தது. சம்சாரிகள் விதைப்புக்குப் போய்விட்டார்கள். படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமாவும் அத்தையும் புதியம்புத்தூரில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு மெஷின் பலவாகி, நன்றாகவே வந்தார்கள். என் அளவுக்கு இல்லாவிட்டாலும், நன்றாகவே.

நான் தியேட்டர் நடத்தின காலத்தில் ஒரு நாள் ஆபரேட்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தான். "மொதலாளி, பழைய காப்பியா அனுப்பிட்டானுவ. படம் பூரா ஒரே மழை" என்றான். நல்லதுதானே என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, ஒரு துண்டு ஃபிலிமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். தலையிலிருந்து கால் வரைக்கும் கீறல். "மெஷின்ல தூசி சேந்தா இப்படிக் கோடு விழும். ஓட்ட ஓட்டக் கூடும். அதுவும் நம்ம கரிசல் தூசி, சும்மா விடுமா? கடைசியில ஆளே தெரியாது, மழைதான் தெரியும்."

கல்லாவை அப்படியே விட்டுவிட்டுப் புதியம்புத்தூருக்குக் கார் எடுக்கச் சொன்னேன்.

மாமா கட்டிலில் படுத்திருந்தார். அத்தை சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அது கீறல்தான் என்று முன்பே தெரியுமா என்று நான் கேட்டதும் மாமா சிரித்தார்.

"எனக்கு எங்கலே தெரியும்? நான் நெசமா மழைன்னுதான் நெனைச்சேன். ஒங்க அத்தைதான் ஒருநாள் படத்தத் துடைக்கேன்னு வாங்கி, வெரல வச்சுப் பாத்துட்டு, இது மழையில்ல கீறல்னு சொன்னா. இன்னும் ஒரு விதைப்புக்குத்தான் இதுல ஆள் தெரியும், அதுக்குள்ள ஒரு வழி பண்ணணும்னா."

அப்பாவிடம் போய், படம் இருக்கிறவரைக்கும் நம் குச்சி காயாது என்று ஓதினதும் அவள்தானாம். "என்மேல எவ்வளவு பிரியம் இருந்தாலும் அதை மட்டும் எரிக்கமாட்டாரு, வேணும்னா நாலு பேரு முன்னால கேட்டுப் பாருங்கண்ணே" என்று ஏற்றிவிட்டதும் அவள்தானாம். அப்பா சாகிறவரைக்கும் அது தன் சொந்த யோசனை என்றே நினைத்திருந்தார்.

"எல்லாம் நான் சொன்னதுதான்" என்றாள் அத்தை. "தலையக் குனிஞ்சு நிக்கச் சொன்னேன். உசுருன்னு சொல்லச் சொன்னேன். அழச் சொன்னது மட்டும் நான் இல்ல."

நூலைப் பல்லால் கடித்துத் துண்டாக்கினாள். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "இதைப் பாழாய்ப் போக விடாதே" என்று அந்த அம்மாவின் குரலில் முணுமுணுத்தார்.

அன்றைக்குத் தரிசில் நான் மழைக்காக அழுதேன். பக்கத்தில் நின்ற மாமாவும் அதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாத மாமா, வேற மழை வரும்" என்று தேற்றினேன்.